சிவப்பு விளக்கு அணைந்தால் போதுமா? புரோஃபிபஸ் நெட்வொர்க்கின் தொடக்கச் சோதனையும் பழுது காணலும்

கமிஷனிங் நடக்கும் ஆலையில் பிஎல்சியின் முகப்பில் ‘பிஎஃப்’ (பஸ் ஃபால்ட்) என்று போட்ட சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால், நெட்வொர்க் வேலை முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். புரோகிராம் எழுதுபவர் தம் லாஜிக்கைச் சரிபார்க்க உட்காருவார். கேபிள் போட்ட ஒப்பந்தக்காரர் பில்லை நீட்டிக் கையெழுத்து கேட்பார். அந்தப் பழக்கம் தவறு என்று காட்டத்தான் இந்த அத்தியாயம். விளக்கு அணைந்ததால் நமக்குத் தெரியவருவது ஒன்றுதான்: மாஸ்டர் கேட்டதற்கு ஒவ்வொரு சாதனமும், ஓரிரு தடவை திரும்பக் கேட்க நேர்ந்திருந்தாலும், கெடு முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டது. எத்தனை தடவை திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, கம்பியில் சிக்னல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது, நாளைக்கு இன்னும் நான்கு டிரைவ்கள் ஓடத் தொடங்கினால் தாங்குமா என்பதெல்லாம் அந்த விளக்கில் தெரியாது. இவற்றை நிதானமாக அளந்து எழுதிவைக்க வாய்ப்புள்ள காலம் உற்பத்தி தொடங்குவதற்கு முன்புதான். அன்று எழுதிய எண்கள் கையில் இருந்தால் பிற்பாடு பழுது காண்பது ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. இல்லாவிட்டால், எதைக் கழற்றி எதை மாட்டலாம் என்ற ஊகம்.

எடுத்துக்காட்டாகப் புரோஃபிபஸ் டிபியை வைத்துக்கொள்வோம். 1987இல் ஜெர்மனியில் நிறுவனங்களும் ஆய்வு நிலையங்களும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் பிறந்தது புரோஃபிபஸ். பிஎல்சியும் களத்தில் உள்ள சாதனங்களும் வேகமாகப் பேசிக்கொள்வதற்கான டிபி வகை 1993இல் வந்தது. இப்போது அது ஐஇசி 61158 தரத்தின் ஒரு பகுதி. புதிய ஆலைகளில் ஈதர்நெட் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தாலும், ஊதா உறைக்குள் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கம்பிகள் ஓடும் அந்தக் கேபிளை நம்பி ஓடும் ஆலைகள் இன்னும் ஏராளம். 1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த மோட்பஸின் ஆர்டியு வகையும் பெரும்பாலும் இதே ஆர்எஸ்-485 கம்பி மீதுதான் பேசுகிறது. முனையில் போடும் தடையின் மதிப்பும் கனெக்டரும் கம்பியின் நிறமும் மாறும். இங்கே சொல்லப்போகும் காரணங்கள் மாறாது.

கோளாறு உள்ள நெட்வொர்க் முதல் நாளில் ஏன் நன்றாக ஓடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 1983இல் வெளிவந்த ஆர்எஸ்-485 தரத்தின்படி, அனுப்பும் சாதனம் முழுச் சுமையிலும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் காட்ட வேண்டும். பெறும் சாதனத்துக்கு 0.2 வோல்ட் வந்து சேர்ந்தால் போதும். நடுவே உள்ள இந்தப் பெரிய இடைவெளிதான் மோட்டார்களும் வெல்டிங் மெஷின்களும் நிறைந்த இடத்தில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பிழைக்க வைத்தது. அரைகுறையாக அழுந்திய கம்பியும், முனையில் போட மறந்துபோன டெர்மினேஷன் தடையும், தேவையில்லாமல் தொங்கும் கிளைக் கேபிளும் ஒளிந்துகொள்ள இடம் தருவதும் அதே இடைவெளிதான். அதற்கு மேலே இன்னொரு திரையும் உண்டு. புரோஃபிபஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேரிட்டி பிட்டும், ஒவ்வொரு தந்திக்கும், அதாவது ஒரே தடவையில் அனுப்பும் செய்திக்கும், சரிபார்ப்புத் தொகையும் இருக்கின்றன. சிதைந்து வந்த தந்தியைச் சாதனம் சத்தமில்லாமல் தள்ளிவிடும். பதில் வராததால் மாஸ்டர் திரும்பக் கேட்கும். திரும்பக் கேட்கும் வரம்பு தீர்ந்த பிறகுதான் பிஎல்சிக்குச் செய்தி போகும். ஆகவே ஆபரேட்டர் திரையில் விழும் முதல் அலாரத்துக்கு முன்னால், யாரும் பார்க்காத எத்தனையோ தோல்விகள் நடந்து முடிந்திருக்கும். “சின்னப் பிழைகளை நெட்வொர்க்கே சரிசெய்துகொள்கிறதே, பிறகென்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. திரும்பக் கேட்பது எப்போதாவது அடிக்கும் மின் இரைச்சலுக்காக வைத்த ஏற்பாடு. அதை நாள் முழுவதும் ஒரு கெட்ட கனெக்டருக்காகச் செலவழித்துவிட்டால், நிஜமாகவே இரைச்சல் வரும்போது கையிருப்பில் ஒன்றும் மிஞ்சாது.

சோதனை கம்பியில் தொடங்க வேண்டும், அதுவும் எந்தச் சாதனத்துக்கும் கனெக்டரைச் செருகுவதற்கு முன்பு. இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஒன்பது பின் கனெக்டரில் 3ஆம் பின் ‘பி’ கம்பி, அதாவது சிவப்பு. 8ஆம் பின் ‘ஏ’ கம்பி, பச்சை. எல்லாக் கனெக்டரிலும் டெர்மினேஷன் சுவிட்சை அணைத்துவிட்டு, கடைசிக் கனெக்டரில் 3ஐயும் 8ஐயும் சேர்த்து முடிந்து, முதல் கனெக்டரில் இரண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். புரோஃபிபஸுக்கான ‘ஏ’ வகைக் கேபிளின் சுற்றுத் தடை கிலோமீட்டருக்கு 110 ஓம். எனவே 200 மீட்டருக்கு 22 ஓம் வர வேண்டும். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் பேசும். வரைபடத்தில் 180 மீட்டர் என்று போட்டிருக்க மீட்டர் 26 ஓம் காட்டினால், ஒன்று கேபிள் 236 மீட்டர் அளவுக்கு நீண்டுவிட்டது, அல்லது வழியில் ஏதோ ஒரு கனெக்டரில் கம்பி சரியாக அழுந்தவில்லை. பாதியில் நின்று மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். டிரேயில் வளைத்து வளைத்துப் போட்ட கேபிள் வரைபடத்தைவிட நீளமாகப் போவது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் 1.5 மெகாபிட் வேகத்துக்கு ஒரு செக்மென்டின் எல்லை 200 மீட்டர் என்பதால் இங்கே அது சாதாரண விஷயம் இல்லை.

கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க ஷீல்டையே மூன்றாவது கம்பியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். தொலைமுனையில் 8ஆம் பின்னைக் கனெக்டரின் உலோக உறையோடு சேர்த்துவிட்டு, இந்த முனையில் 8க்கும் உறைக்கும் நடுவே அளந்தால் சில ஓம் வர வேண்டும். 3க்கும் உறைக்கும் நடுவே திறந்தே இருக்க வேண்டும். இதை முனையிலிருந்து முனைக்கு மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. ஒரு பேனலில் சிவப்பும் பச்சையும் மாறி, அடுத்த பேனலில் வேறொருவர் திரும்பவும் மாற்றிப் போட்டிருந்தால், முனைகள் இரண்டும் ஒழுங்காகத் தெரியும். நடுவில் உள்ள சாதனங்களுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாகப் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு கனெக்டரிலும் அளக்க வேண்டும். சலிப்பான வேலைதான்.

அடுத்தது டெர்மினேஷன். புரோஃபிபஸ் நெட்வொர்க்கில் அதிகம் தொல்லை தரும் ஒற்றை விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு செக்மென்டின் இரண்டு முனைகளில் மட்டும், ‘பி’க்கும் ‘ஏ’க்கும் நடுவே 220 ஓம், ‘பி’யிலிருந்து 5 வோல்ட்டுக்கு 390 ஓம், ‘ஏ’யிலிருந்து பூஜ்யத்துக்கு 390 ஓம் என்று மூன்று தடைகள் இருக்க வேண்டும். கனெக்டர்கள் எதுவும் சாதனத்தில் செருகாத நிலையில் இரு முனை சுவிட்சுகளையும் போட்டுவிட்டு 3க்கும் 8க்கும் நடுவே அளந்தால் இரண்டு 220 ஓம் இணையாகச் சேர்ந்து 110 ஓம் அளவில் வரும். கேபிள் 200 மீட்டர் என்றால் அதன் தடையும் சேர்ந்து 115 அளவுக்குப் போகலாம். 220 வந்தால் ஒரு முனையில் டெர்மினேஷன் இல்லை. 73 வந்தால் எங்கோ மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கனெக்டரைச் சாதனத்தில் செருகிவைத்து அளந்தால் 390 ஓம் தடைகளும் சாதனத்தின் உள்சுற்றும் கணக்கில் நுழைந்து குழப்பும் என்பதால் கழற்றிய நிலையில்தான் அளக்க வேண்டும். இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பெரும்பாலான கனெக்டர்களில் சுவிட்சைப் போட்டால் வெளியே போகும் கேபிள் உள்ளுக்குள்ளேயே துண்டிக்கப்பட்டுவிடும். நடுவில் உள்ள பேனலில் யாரோ தெரியாமல் அந்தச் சிறு சுவிட்சைத் தள்ளிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள சாதனங்கள் மொத்தமாகக் காணாமல் போவது இதனால்தான். கடைசிக் கனெக்டரில் கேபிளை ‘உள்ளே’ என்ற அம்புக்குறிக்குப் பதிலாக ‘வெளியே’ என்ற அம்புக்குறியில் மாட்டிவிட்டால், சுவிட்சைப் போட்டதும் அந்தக் கனெக்டர் தன் கேபிளையே அறுத்துக்கொள்ளும். உடனே எலக்ட்ரீசியன் சுவிட்சை அணைத்துப் பார்ப்பார், சாதனம் உயிர் பெறும், ‘இங்கே டெர்மினேஷன் போட்டால் ஒத்துவரவில்லை’ என்ற முடிவோடு நெட்வொர்க் ஒற்றை டெர்மினேஷனில் பல ஆண்டு ஓடும்.

தடை சரியாக இருந்தாலும் அதற்கு மின்சாரம் வேண்டும் என்பது பலர் மறந்துபோவது. அந்த 5 வோல்ட்டை முனைச் சாதனம்தான் 6ஆம் பின் வழியாகக் கொடுக்கிறது. பூஜ்யம் 5ஆம் பின். மூன்று தடைகளும் சேர்ந்து 1000 ஓம். 5 வோல்ட்டுக்கு 5 மில்லி ஆம்பியர் ஓடும். 220 ஓமில் 1.1 வோல்ட் விழும். யாரும் பேசாத வேளையில் கம்பி ஒரு திட்டமான நிலையில் நிற்பதற்கு இந்த 1.1 வோல்ட்தான் காரணம். மாஸ்டரில் திட்டத்தை ஏற்றுவதற்கு முன்பு, எல்லாச் சாதனங்களுக்கும் மின்சாரம் கொடுத்த நிலையில் இதை அளக்கலாம். ஒரு முனைக்கு 5 வோல்ட் வரவில்லை என்றால் மீட்டர் சுமார் 0.6 வோல்ட் காட்டும். இப்படிப்பட்ட நெட்வொர்க்கும் ஓடும் என்பதுதான் வில்லங்கம். கடைசிச் சாதனம் ஒரு பம்பின் டிரைவ் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்காக அந்த டிரைவின் மின்சாரத்தை நிறுத்தினால் டெர்மினேஷனும் சேர்ந்து செத்துவிடும். அந்தப் பம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வால்வு ஒன்று அன்று முழுவதும் விட்டுவிட்டுத் தொடர்பை இழக்கும். அடிக்கடி நிறுத்தப்படும் சாதனத்தை முனையில் வைக்காமல், தனி மின்சாரம் உள்ள டெர்மினேட்டர் ஒன்றை அங்கே மாட்டுவது அதற்கான மருந்து. செலவு அதிகம் என்று இதைத் தட்டிக்கழிப்பவர்கள் ஒரு மணி நேர உற்பத்தி நிறுத்தத்தின் செலவைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

இனி வேகம். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோ விநாடி எடுக்கும். 20 மீட்டர் கிளைக் கேபிள் ஒன்று முனை திறந்து தொங்கினால், அதன் கடைசியில் மோதிய அலை திரும்பிவர 200 நானோ விநாடி. 1.5 மெகாபிட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 667 நானோ விநாடி. பெறும் சாதனம் பிட்டின் நடுப்பகுதியைத்தான் பார்க்கும் என்பதால் அதற்குள் கலக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். 12 மெகாபிட்டில் ஒரு பிட் 83 நானோ விநாடிதான். திரும்பிவரும் அலை அடுத்தடுத்த பிட்டுகளின் மேல் விழுந்து எல்லாவற்றையும் கெடுக்கும். இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, வேகத்தைத் தேவைக்கு மேல் வைக்கக் கூடாது. சாதனத்துக்கு நாலு பைட் போக, நாலு பைட் வர என்று கணக்கிட்டால், 1.5 மெகாபிட்டில் 20 சாதனங்களை ஒரு சுற்று கேட்டு முடிக்க 5, 6 மில்லி விநாடி போதும். நீரேற்று நிலையத்துக்கோ கன்வேயருக்கோ அதற்கு மேல் என்ன அவசரம்? மெனுவில் இருக்கிறது என்பதற்காக 12 மெகாபிட்டைத் தேர்ந்தெடுத்தால், செக்மென்ட் எல்லை 100 மீட்டராகச் சுருங்குகிறது, கிளைக் கேபிள் அறவே கூடாது என்றாகிறது, அடுத்தடுத்த சாதனங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு மீட்டர் கேபிளாவது விட வேண்டியிருக்கிறது. இரண்டாவது பாடம் பழுது காண்பதற்கு உதவும். வேகத்தைக் குறைத்தவுடன் கோளாறு மறைந்தால் சிக்கல் கம்பியில் இருக்கிறது. குறைத்தும் மறையாவிட்டால் முகவரியையும் கட்டமைப்பையும் பார்க்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் கோளாறு மறைந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போவதை மட்டும் பழுது நீக்கம் என்று யாரும் எழுதக் கூடாது. கெட்ட கனெக்டர் அங்கேயேதான் இருக்கிறது.

கம்பி தேறிய பிறகு சாதனங்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகி, திரையில் எத்தனை சிவப்பு என்று எண்ணுவது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஆனால் ஒரே முகவரியை இரண்டு சாதனங்களுக்கு வைத்திருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பதில் சொல்லி ஒன்றையொன்று அழிக்கும்; அப்போது திரையில் தெரியும் குழப்பத்திலிருந்து காரணத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பல சாதனங்கள் தயாரிப்பாளரிடமிருந்தே 126 என்ற முகவரியோடு வருகின்றன. சுவிட்சைத் திருப்பி முகவரியை மாற்றினாலும், மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட்டால்தான் புதிய எண்ணை ஏற்றுக்கொள்பவை நிறைய. ஒரு சாதனம் (ஸ்லேவ்) நெட்வொர்க்கில் சேரும் வரிசையே நல்ல மருத்துவர். மாஸ்டர் முதலில் நிலையை விசாரிக்கிறது. பிறகு பாராமீட்டர்களை அனுப்புகிறது. அடுத்துக் கட்டமைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது. மீண்டும் நிலையை விசாரிக்கிறது. எல்லாம் சரி என்றால்தான் தரவுப் பரிமாற்றம். எந்தப் படியில் நின்றது என்பதே நோய் எது என்று சொல்லிவிடும். முதல் விசாரிப்புக்கே பதில் இல்லை என்றால் மின்சாரம், முகவரி, கம்பி ஆகிய மூன்றில் ஒன்று. பாராமீட்டர் பிழை என்றால், பெரும்பாலும் திட்டத்தில் சேர்த்த, சாதனத்தை விவரிக்கும் ஜிஎஸ்டி கோப்பு வேறு சாதனத்துடையது. கோப்பில் உள்ள அடையாள எண்ணும் சாதனம் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. கட்டமைப்புப் பிழை என்றால் ரேக்கில் மாட்டிய மாட்யூல்களின் வரிசையும் திட்டத்தில் எழுதிய வரிசையும் வேறு வேறு. பின்னிரண்டும் கேபிளால் வருபவை அல்ல. அவற்றுக்காகக் கனெக்டரைக் கழற்றிக்கொண்டிருப்பது வீண். அதேபோல முதல் வகைக்காக ஜிஎஸ்டி கோப்பைத் தேடி அலைவதும் வீண்.

ஷீல்டு விஷயத்தில் நம் ஆலைகளில் ஒரு தீராத வழக்கு உண்டு. 4-20 மில்லி ஆம்பியர் கருவிக் கேபிள்களில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து பழகியவர்கள், புரோஃபிபஸிலும் அதையே செய்ய வேண்டும் என்பார்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டில் மின்னோட்டம் சுற்றும் என்பது அவர்கள் வாதம். மெதுவாக மாறும் அளவீட்டுச் சிக்னலுக்கு அந்த வாதம் சரிதான். ஆனால் மெகாபிட் வேகத்தில் பேசும் கம்பிக்கு எதிரி, டிரைவ்கள் கிளப்பும் உயர் அதிர்வெண் இரைச்சல். ஒரு முனையில் மட்டும் கட்டிய ஷீல்டு அந்த இரைச்சலின் காந்தப் புலத்துக்கு எதிராக ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. இரண்டு முனையும் கட்டப்பட்டு, எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓட வழி இருந்தால்தான் அது தடுக்கும். அதனால் ஒவ்வொரு பேனல் நுழைவாயிலிலும் ஷீல்டைச் சுற்றிவளைத்துப் பிடிக்கும் கிளாம்ப் போட வேண்டும். வால் போலத் திரித்து நீளமாக ஒரு போல்ட்டில் மாட்டுவது உயர் அதிர்வெண்ணுக்குப் பயன்படாது. எதிர்த்தரப்பு சுட்டும் ஆபத்து பொய் என்று சொல்லவில்லை. இரண்டு பேனல்களின் எர்த் வெவ்வேறு மட்டத்தில் இருந்தால் ஷீல்டு வழியே கணிசமாக மின்னோட்டம் ஓடும்; வித்தியாசம் பெரிதானால், ஆர்எஸ்-485 தாங்கும் -7 முதல் +12 வோல்ட் வரையான எல்லையையும் தாண்டலாம். அப்போது சரி செய்ய வேண்டியது எர்த்தைத்தான்: பேனல்களுக்கு நடுவே தடிமனான சமன்படுத்தும் கம்பி ஓட வேண்டும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் அதுவும் நம்பத்தக்கதல்ல. அங்கே ஒளியிழைக் கேபிள் போட்டுவிடுவதுதான் நல்லது.

இவ்வளவும் முடிந்த பின்பு, ஆலை நிஜமாக ஓடும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். மோட்டார்கள் எல்லாம் நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவுகள் பாதிக் கதைதான். டிரைவ்கள் முழுச் சுமையில் ஓட, கான்டாக்டர்கள் விழுந்தெழ, ஒரு முழு ஷிஃப்டுக்குப் பஸ் அனலைசரை மாட்டி வைத்து, எந்த முகவரிக்கு எத்தனை மறுகேள்வி, எத்தனை சிதைந்த தந்தி என்று பதிவு செய்ய வேண்டும். எதிர்பார்க்கும் எண் பூஜ்யம். பூஜ்யமாக இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே காரணம் தெரிந்தாக வேண்டும். ஆசிலோஸ்கோப்பில் ஒவ்வொரு முகவரியின் பதிலும் எத்தனை வோல்ட் உயரத்தில் வருகிறது என்பதை இரு முனைகளிலும் படம் பிடித்து வைக்க வேண்டும். அலையின் தட்டையான பகுதியில் ஒரு பள்ளம் தெரிந்தால், விளிம்பிலிருந்து பள்ளம் வரை உள்ள நேரம் இடத்தைக் காட்டிக் கொடுக்கும்: 300 நானோ விநாடி என்றால் போய்வர 60 மீட்டர், அதாவது அளக்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஏதோ சரியில்லை. அத்தோடு, வேண்டுமென்றே ஒவ்வொரு சாதனத்தின் கனெக்டரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். தொடர்பு அறுந்தால் வாட்ச்டாக் நேரம் கடந்ததும் வெளியீடுகள் பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். வால்வு மூட வேண்டிய இடத்தில் திறந்தபடியே நிற்கிறதா என்பதை உற்பத்தி நடக்கும் இரவில் முதல் தடவையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதுதான் உடனே எழும் ஆட்சேபம். கமிஷனிங் கடைசிக் கட்டத்தில் வருவது. முன்னால் சிவில் வேலையும் பேனல் வரவும் தாமதமான நாட்களையெல்லாம் இங்கேதான் ஈடுகட்டச் சொல்வார்கள். இந்த நெருக்கடி நிஜமானது. ஆனால் மேலே சொன்னவற்றில் கேபிள் தடையும் கம்பி மாற்றமும் டெர்மினேஷனும் பிஎல்சி வருவதற்கு முன்பே, கேபிள் போட்டு முடிந்த அன்றே அளக்கக்கூடியவை. அவற்றைக் கேபிள் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக எழுதிவிட்டால் கமிஷனிங் நாட்களைத் தின்னாது. கையெழுத்தும் அந்த அளவுத் தாளின் மேலேதான் விழ வேண்டும். கருவிகளின் விலை அடுத்த ஆட்சேபம். அனலைசர் விலை கூடியதுதான். ஓரிரு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் முடியாது என்றால் மல்டிமீட்டர் அளவுகளையாவது விடாதீர்கள். டெர்மினேஷன், தளர்ந்த கம்பி, ஷீல்டு, நீளம் ஆகிய நான்கில் பெரும்பாலானவற்றை அது பிடித்துவிடும்.

இப்போது பழுது காண்பதற்கு வருவோம். நெட்வொர்க் ஓடி இரண்டு வருடம் ஆகிறது. 17ஆம் முகவரி அடிக்கடி விழுந்து எழுகிறது. வழக்கமாக நடப்பது, 17ஆம் சாதனத்தின் மாட்யூலை மாற்றுவது. பெரும்பாலும் மாற்றியதும் சரியாகிவிடும். “மாட்யூல் கெட்டுப்போயிருந்தது” என்று பதிவேட்டில் ஏறும். ஆனால் கழற்றிய மாட்யூலை மேஜையில் வைத்துச் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்வதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். மாட்யூலை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றிச் செருகுகிறோம் அல்லவா, அதில் தளர்ந்த தொடர்பு தற்காலிகமாக அமர்ந்துகொள்கிறது. சில வாரம் கழித்து மறுபடி விழும். மேலும், விழுகிற சாதனமே குற்றவாளி என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. எங்கோ ஒரு கனெக்டரில் கிளம்பும் எதிர் அலை, தூரமும் வேகமும் ஒத்துவரும் வேறொரு இடத்தில்தான் அதிகம் கெடுக்கும். அங்கே இருக்கும் சாதனம் பழி சுமக்கும். தொடக்க நாளில் எடுத்த படம் கையில் இருந்தால், இன்று எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தாலே எந்த முகவரியின் உயரம் குறைந்திருக்கிறது, எங்கே புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று தெரியும். ஓய்வு நிலையில் 1.1 வோல்ட்டாக இருந்தது 0.6 ஆகிவிட்டதா என்பதை அடுத்த ஷட்டவுனில் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பதிவு எதுவும் இல்லாத பழைய ஆலையில் வேலை செய்ய நேர்ந்தால், பாதி பாதியாக வெட்டித் தேடுவதைத் தவிர நல்ல வழியில்லை. நடுவில் உள்ள கனெக்டரின் டெர்மினேஷன் சுவிட்சைப் போட்டால் அதற்குப் பின்னுள்ள பாதி துண்டிக்கப்பட்டு, முன்பாதி ஒழுங்கான முனையோடு தனியே ஓடும். கோளாறு நின்றால் அது பின்பாதியில், தொடர்ந்தால் முன்பாதியில். ஒரு செக்மென்டில் அதிகபட்சம் 32 சாதனங்கள்தான் என்பதால் ஐந்து வெட்டுக்குள் இடம் அகப்பட்டுவிடும். வெட்டும் பாதியின் வெளியீடுகள் எல்லாம் விழும் என்பதால், ஷிஃப்ட் பொறுப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. எப்போதாவது ஒருமுறை வரும் கோளாறுக்கு இந்த முறை பொறுமையைச் சோதிக்கும். அலாரம் வந்த நேரத்தையும் அப்போது எந்த மோட்டார் ஓடத் தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுதிவந்தால் தேடும் எல்லை சுருங்கும்.

கடைசியாக ஒரு வாதம்: ஈதர்நெட் வந்துவிட்டது, அதன் மேல் ஓடும் புரோஃபிநெட்டில் ஒவ்வொரு கேபிளும் இரண்டு முனைகளுக்கு நடுவே மட்டும் ஓடுகிறது, ஒன்று கெட்டால் பிற கெடுவதில்லை, சுவிட்சே பிழைகளை எண்ணிச் சொல்கிறது, ஆகவே இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காலம் கடந்துவிட்டது என்பது. டெர்மினேஷன் தொல்லை ஒழிந்தது உண்மை. அதற்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் அங்கேயும் சிதைந்து வந்த செய்தி சத்தமில்லாமல் கீழே போடப்படுகிறது. பொதுவாக மூன்று சுற்று தொடர்ந்து தவறினால்தான் தொடர்பு விழுந்ததாகச் சாதனம் அறிவிக்கிறது. பச்சை விளக்கு எரியும். போர்ட்டின் பிழை எண்ணி உள்ளுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். யாராவது அந்த எண்ணைத் தொடக்க நாளில் படித்து எழுதி, பூஜ்யமாக்கி, ஒரு ஷிஃப்ட் கழித்து மறுபடி படித்திருந்தால்தான் இரண்டு வருடம் கழித்து அங்கே தெரியும் 4,000 என்பது நேற்று ஏறியதா, தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்று சொல்ல முடியும். ஆகவே ஒப்படைப்புக் கோப்பில் புரோஃபிநெட்டுக்கு இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண், ஒவ்வொரு சாதனத்தின் பெயரும் அது எந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்ற விவரமும், ஒவ்வொரு கேபிளின் நீளம் (செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்). புரோஃபிபஸுக்கு ஒவ்வொரு செக்மென்டின் சுற்றுத் தடை, டெர்மினேஷன் போட்ட நிலையிலான தடை, ஓய்வு நிலை வோல்ட், முகவரி வாரியாக அலைப் படம், மறுகேள்வி எண்ணிக்கை, அளந்தவர் பெயர், தேதி. இதன் ஒரு பிரதி அலுவலகத்திலும் இன்னொன்று பிஎல்சி பேனலின் கதவுப் பையிலும் இருக்கட்டும். இரவு ஷிஃப்டில் அலுவலகம் பூட்டியிருக்கும்.